மூன்று மாத மாத்திரையை மொத்தமாகத் தாருங்கள்

மாவட்டத்தில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து வழங்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் மருந்து வாங்கப் போனேன். 15 நாள் மாத்திரையை எண்ணித் தாளில் மடித்துக் கொடுத்து, "சரக்கு வரவில்லை, முடிந்ததும் வாருங்கள்" என்றார்கள். கொடுத்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. இல்லாத சரக்குக்கு அவர் என்ன செய்வார்?

நான் முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவள். மருந்துக்குப் போகும் நாளில் கூலி போகும், கடையில் ஏச்சும் கிடைக்கும். அதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் தட்டை மடியில் வைத்துச் சுற்றும் மதினி, இலை வெட்டிக்கொண்டே கேட்கிறாள்: "இப்போதுதானே ஜங்ஷனுக்குப் போனாய், மறுபடியும் எதற்கு?" சர்க்கரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? டப்பாவில் தரும் மாதங்களில் லேபிளைக் கிழித்துவிட்டு, பஸ் குலுங்கும்போது சத்தம் கேட்காமலிருக்க உள்ளே பஞ்சை அடைத்துக் கொண்டுவருவேன். இனி மாதம் இரண்டு முறை இந்தக் கூத்து.

ஆகவே கேட்கிறேன்: மருந்து ஒத்துக்கொண்டு, ரத்தத்தில் வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் தாருங்கள். புதுச் சலுகை அல்ல. 2020 ஊரடங்கின்போது பல மாத மருந்தை மொத்தமாகக் கொடுக்கச் சொன்னது அரசுதானே? கொரோனாவுக்கு அஞ்சிச் செய்ததை எங்களுக்காகச் செய்யக் கூடாதா?

ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று ஆலோசகர் சொல்கிறார். மறக்காமலிருக்க அலாரம் வைக்கச் சொல்கிறார். வைத்திருக்கிறேன். அலாரம் அடிக்கும்போது மாத்திரை இருக்க வேண்டுமே! 2004-இல் இலவச மருந்து வந்தபோது உயிர் பிழைத்தோம் என்று கும்பிட்டவர்கள் நாங்கள். இன்று ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை; அதற்கும் தட்டுப்பாடு. டிசம்பர் முதல் தேதி எய்ட்ஸ் தின ஊர்வலத்தின் சிவப்பு ரிப்பனுக்கு மட்டும் ஒரு வருடமும் தட்டுப்பாடு வந்ததில்லை. எங்கள் ரகசியம் காக்க 2017-இல் சட்டமே போட்டார்கள். மதினி அதைப் படித்திருக்க மாட்டாள்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்து சேர்ந்ததும் 15 நாள் கணக்கை விட்டுவிட்டு, மூன்று மாத மாத்திரையாகக் கொடுக்கும்படி மையங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்புமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் எழுதவில்லை. காரணம் தங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளி