எலியா கஸான் குறித்துச் சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

இந்த மாதத் திரையிடலில் அமெரிக்க இயக்குநர் எலியா கஸானின் 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' படத்தைப் போடக்கூடாது என்று நீங்கள் சொன்னதாக அப்பா சொன்னார். காரணமும் சொன்னார்: "காட்டிக்கொடுத்தவன் படம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓடலாமா?" உங்கள் கோபத்தில் எனக்குப் பாதிக்கு மேல் சம்மதம். ஆனாலும் படத்தைப் போட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

அவர் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1909இல் கான்ஸ்டான்டிநோபிளில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர், சின்னப் பிள்ளையாக அமெரிக்கா போனவர். முப்பதுகளில் குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவில் இருந்தபோது ஒன்றரை வருஷத்துக்கு மேல் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். 1936இல் வெளியேறினார். கட்சி தன்னைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தியது என்ற கசப்பு அவருக்குக் கடைசி வரை இருந்தது. அந்தக் கசப்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்திலும் அப்படி மனம் நொந்து கட்சியை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்களே ஒழிய யார் பெயரையும் எழுதிக் கொடுக்கவில்லை.

1952 ஏப்ரலில், கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பிடிக்க அமெரிக்க நாடாளுமன்றம் வைத்திருந்த விசாரணைக் குழுவின் முன், தன்னோடு கட்சியில் இருந்தவர்கள் என்று பழைய நாடகக் குழுவினர் எட்டுப் பேரின் பெயரைக் கஸான் சொன்னார்: லூயிஸ் லெவரெட், எட்வர்ட் பிராம்பெர்க், ஃபீபி பிராண்ட், மாரிஸ் கார்னாவ்ஸ்கி, டோனி கிரேபர், பாலா மில்லர், கிளிஃபர்ட் ஓடெட்ஸ், ஆர்ட் ஸ்மித். இவர்களில் பிராம்பெர்க் நான்கு மாதத்துக்கு முன்பே இறந்துபோயிருந்தார். செத்தவர் பெயரை வாங்கி ஒரு விசாரணைக் குழு என்ன தெரிந்துகொள்ளப் போகிறது? அவர்களுக்குத் தகவல் தேவைப்படவில்லை. ஒரு பெரிய மனிதர் வந்து தலைகுனிந்து பெயர் சொல்வதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டியிருந்தது. ஜனவரியில் மூடிய அறையில் பெயர் சொல்ல மறுத்தவர் அவரே. மூன்றே மாதத்தில் மாறினார். போதாததற்கு, மற்றவர்களும் முன்வந்து பேச வேண்டும் என்று நியூயார்க் டைம்ஸில் விளம்பரமும் கொடுத்தார்.

அப்போது அவர் சோற்றுக்கு இல்லாதவர் இல்லை. நியூயார்க்கின் பிராட்வே நாடக உலகில் அவரைப் போல் ஒரு இயக்குநர் அன்று கிடையாது. சினிமாவில் கதவடைத்திருந்தாலும் நாடகம் இருந்தது. கம்யூனிஸ்ட் என்று பெயர் அடிபட்டவர்களுக்கு வேலை தராத சினிமாக்காரர்களின் கறுப்புப் பட்டியல் அங்கே அவ்வளவாகச் செல்லாது. இந்த இடத்தில்தான் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. கட்சிக்குத் தடை இருந்த தலைமறைவுக் காலத்தில் நம் பக்கத்துக் கூலியாட்களிடம் என்ன இருந்தது? விவசாயச் சங்கத்துத் தோழர்கள் இரணியனையும் சிவராமனையும் 1950இல் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்த நாட்களில் சங்கத்துக்காரர்களுக்குச் சோறு போட்டவர்கள், அடி வாங்கியும் வாய் திறக்காதவர்கள், ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லாதவர்கள். தாத்தா முதுகுத் தழும்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்புறம் எதற்கு இந்தப் படம் என்பீர்கள்.

1954இல் வந்த இந்தப் படம்தான் அவர் தன் பக்கத்துக்குச் சொன்ன வாதம். இதை எழுதிய பட் ஷுல்பெர்கும் பெயர் சொன்னவர். சங்கத் தலைவனாக வில்லன் வேஷம் கட்டிய லீ ஜே. காப்பும் பெயர் சொன்னவர். கதை என்ன? துறைமுகக் கூலி ஒருவன், ரவுடிகள் பிடியில் இருக்கும் சங்கத்தை எதிர்த்து விசாரணையில் சாட்சி சொல்கிறான். ஊரே அவனை ஒதுக்குகிறது. கடைசியில் அவன் பின்னால் வருகிறது. நான் செய்ததில் எனக்குச் சந்தோஷம்தான் என்று அந்தக் கூலியாக நடித்த மார்லன் பிராண்டோ கத்துவாரே, அது சாட்சி சொன்னதற்காகத் தான் போட்ட சத்தமே என்று கஸான் தன் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று நம் ஊர்க்காரனுக்குச் சட்டென்று பிடிபடும். மிராசுதாரை எதிர்த்துப் பண்ணையாள் கோர்ட்டில் சாட்சி சொல்வதும், மிராசுதாருக்குப் பயந்து சங்கத்துக்காரன் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்வதும் ஒன்றா? படத்தில், ஏதும் இல்லாதவன் எல்லாம் இருப்பவனுக்கு எதிராக வாய் திறக்கிறான். நிஜத்தில் எல்லாம் இருந்தவர், வேலை போனால் வழியில்லாத நடிகர்கள் உட்பட எட்டுப் பேரின் பெயரைச் சொன்னார். இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் வேலையைப் படம் எவ்வளவு அழகாகச் செய்கிறது என்பதை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். மோசமான படமாக இருந்தால் ஆபத்தே இல்லை. இது எட்டு ஆஸ்கர் வாங்கிய படம். ஹோபோகன் துறைமுகத்துக் குளிரில் நிஜத் தொழிலாளர்களையே நிறுத்தி எடுத்தார். காலையில் வேலைக்கான வில்லையைக் கங்காணி தரையில் வீச, ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பொறுக்கும் காட்சியைப் பாருங்கள். கூலிக்காரனின் மானம் போவதை இதைவிடச் சரியாகக் காட்டிய காட்சி நான் பார்த்தவரை குறைவு. காட்டிக்கொடுத்தவர் கையிலிருந்து அது வந்தது என்பது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கு முன்பே நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் புரூக்ளின் துறைமுகத்தைப் பற்றி ஒரு திரைக்கதை எழுதியிருந்தார். கஸான் இயக்குவதாக இருந்தது. படக் கம்பெனி வில்லன்களைக் கம்யூனிஸ்டுகளாக மாற்றச் சொன்னதும் மில்லர் கதையையே திரும்ப வாங்கிக்கொண்டார். அதே மில்லர் 1956இல் அதே விசாரணைக் குழு முன் நின்றபோது மற்றவர் பெயரைச் சொல்ல மறுத்தார். அடுத்த வருஷம் தண்டனை விதித்தார்கள், 1958இல் மேல்முறையீட்டில் ரத்தானது. அதனால், அந்தக் காலத்தில் யாராலும் வேறு மாதிரி இருந்திருக்க முடியாது என்ற பேச்சு எடுபடாது.

1999இல் கஸானுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது அரங்கில் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள், நடிகர்கள் நிக் நோல்டியும் எட் ஹாரிஸும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் அங்கே இருந்திருந்தால் உட்கார்ந்துதான் இருந்திருப்பேன். கௌரவம் செய்வது வேறு, படத்தைப் பார்ப்பது வேறு. நாங்கள் மாலை போடவில்லை சித்தப்பா.

படம் தொடங்கும் முன் அந்த எட்டுப் பேரையும், ஒவ்வொருவரும் என்ன வேலை செய்தார்கள் என்பதையும் நான் வாசித்துவிடுவேன். படம் முடிந்ததும் தலைமறைவுக் காலத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டும். பிள்ளைகளில் பலருக்குச் சாம்பவானோடை எங்கே இருக்கிறது என்று தெரியும், அந்த ஊர்ச் சிவராமன் யார் என்று தெரியாது. ஞாயிறு மாலை ஆறு மணி. உங்களைக் கூட்டிவர அண்ணன் பைக்கில் வருவான்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்