சொந்த மைக்ரோமீட்டருக்கும் ஒரு நம்பர் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை கணபதிப் பக்கம் ஜாப் ஆர்டர் பட்டறைகளில் 22 வருடமாக லேத் ஓட்டுகிறேன். எங்களில் பாதிப் பேருக்கு மேல் மைக்ரோமீட்டர், வெர்னியர் போன்ற அளவுக் கருவிகள் எல்லாம் சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறோம், ஏனென்றால் டூல் ரூமில் போய்க் கேட்டால் ஒன்று இருக்காது, இல்லை வேறு ஷிஃப்ட் ஆள் எடுத்துப் போயிருப்பார். ஆயுத பூஜை அன்று அதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். ஆடிட் வருகிற அன்று மட்டும் ‘சரிபார்த்த ஸ்டிக்கர் இல்லாதது எதுவும் டேபிள் மேல் இருக்கக் கூடாது’ என்று சொல்லிவிடுவார்கள், எல்லாம் சாப்பாட்டுப் பைக்குள் போய்விடும். மறுநாள் அதே மைக்ரோமீட்டரை வைத்துத்தான் அதே வேலை நடக்கும்.

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் பக்கத்து கிரைண்டிங் மெஷின் தம்பி ஒரு நைட் ஷிஃப்டில் 60 ஷாஃப்ட் போட்டான். பேரிங் உட்காரும் இடம் 20 மி.மீ., துல்லியத்தில் ஆறாம் கிரேடு, மொத்த டாலரன்ஸே, அதாவது அளவு கூடக் குறைய இருக்க விடும் வித்தியாசமே, 13 மைக்ரான்தான் (0.013 மி.மீ.). காலையில் இன்ஸ்பெக்‌ஷனில் அத்தனையும் அளவு குறைவு. அவன் மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தால் ஜீரோ சரியாக நிற்கிறது, ஸ்லிப் கேஜ் (அளவு உறுதியாகத் தெரிந்த கட்டை) வைத்துப் பார்த்தால்தான் 20 மி.மீ. பக்கம் இரண்டு கோடு, அதாவது 20 மைக்ரான், கூட்டிக் காட்டுகிறது. ஏற்றி அளந்தால் வேலை இறங்கத்தானே செய்யும், இறங்கிய ஷாஃப்டை என்ன செய்வது? ஸ்கிராப்தான். சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தக் கருவி நான்கு வருடமாக அங்கே ஓடுவது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது.

வாகன உதிரிபாகம் செய்கிறவர்களுக்கான ஐஏடிஎஃப் 16949 விதியில், 7.1.5.2.1 பிரிவில், ஊழியரின் சொந்த அளவுக் கருவிக்கும் கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) பதிவு இருக்க வேண்டும் என்று நேராகவே எழுதியிருக்கிறது. அதனால் பையில் ஒளித்து வைக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

செய்வதும் பெரிய வேலை இல்லை. கருவியின் ஃபிரேமில் ஒரு நம்பர் பொறிக்க வேண்டும், ரிஜிஸ்டரில் யாருடையது, கடைசியாக எப்போது பார்த்தது, அடுத்து எப்போது என்று எழுத வேண்டும். ஆள் புதிதாகச் சேரும்போது அவர் கருவியையும் முதல் நாளே சரிபார்க்க வேண்டும், அவர் விலகினால் அந்த வரியை அடிக்க வேண்டும். கீழே விழுந்தால் தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பார்க்க வேண்டும். அப்புறம், சரிபார்க்கிறவர்கள் 5, 10, 15 மி.மீ. என்று முழு எண் ஸ்லிப் கேஜிலேயே பார்த்துவிடுகிறார்கள். அதில் திம்பிள் (கையால் சுற்றும் கோடு போட்ட உருளை) ஜீரோவிலேயேதான் வந்து நிற்கும். 5.1, 10.3, 20.2 என்று வைத்தால்தான் சுற்றின் வெவ்வேறு இடங்களில் இருக்கும் தப்பு தெரியும்.

செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். கருவியை நாங்கள் வாங்கிவிட்டோம், அதை வைத்து அளக்கிற பொருள் முதலாளியுடையதுதானே. கட்டுப்படியாகாது என்றால் ‘சொந்தக் கருவி வேண்டாம்’ என்று சொல்லட்டும், ஆனால் மெஷினுக்கு ஒன்று சரிபார்த்த கருவி வைத்துவிட்டுச் சொல்லட்டும். இரண்டும் செய்யாமல் ரிஜெக்‌ஷன் வந்தால் சம்பளத்தில் கை வைப்பதை ஒத்துக்கொள்ள முடியாது.

இப்போது நான் இருக்கும் இடத்தில் கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

ஒரு லேத் தொழிலாளி,
கோவை