விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் பணியாளர். ஊரில் எல்லோருக்கும் பால்வாடி டீச்சர். மாதம் தவறாமல் பிள்ளைகளுக்கு எடை போடுகிறோம், உயரம் அளக்கிறோம், செல்போன் செயலியில் ஏற்றுகிறோம். எடை குறைந்தால் வீடு தேடிப் போய்ச் சொல்கிறோம், தாயும் பதறிப்போகிறார். அதே பிள்ளை வாயைத் திறந்தால் மேல்வரிசை முன்பல் நான்கும் ஈறு வரை அரித்து, வெறும் பழுப்பு முனைகளாக நிற்கும். அதற்கு யாரும் பதறுவதில்லை. பால்பல்லை இப்படிக் கண்டுகொள்ளாமல் விடுவது பிள்ளைகளை எவ்வளவு வதைக்கிறது என்பதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

"உழுந்து மொளைக்கப்போற பல்லுதானே டீச்சர், அதுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு அலையணுமா?" சொத்தையைச் சுட்டிக்காட்டினால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இந்தப் பதில்தான். இவர்கள் பிள்ளைமேல் பாசம் இல்லாதவர்கள் அல்ல. முதல் பல் எட்டிப் பார்த்ததும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுகிறவர்கள். அது விழுந்ததும் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் வீசி, நல்ல பல்லாக முளைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள். முளைப்பதற்கும் விழுவதற்கும் நடுவே எத்தனையோ வருடம் அந்தப் பல் சோறு மெல்ல வேண்டியிருக்கிறதே, அந்தக் காலத்தில்தான் அதைக் கேட்பாரில்லை.

போன வருடம் என் மையத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். முட்டை போடும் நாளில் மற்றப் பிள்ளைகள் முட்டையை முதலில் தின்றுவிட்டுத்தான் சோற்றுக்கு வருவார்கள். இவன் முட்டையைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பான். துளி கிள்ளி வாயில் போட்டு, மெல்லாமல் நாக்கால் அண்ணத்தில் வைத்து நசுக்கி நசுக்கி விழுங்குவான். பருப்பைக் கரைத்து ஊற்றிப் பிசைந்த சோறு இறங்கும். சுண்டல் தட்டோரம் ஒதுங்கிவிடும். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை, வளர்ப்பது பாட்டி. "எதைக் குடுத்தாலும் அடம் பண்றான், பசி எடுக்கறதுக்கு ஒரு டானிக்கு இருந்தா சொல்லு டீச்சர்" என்றார். டீயில் தோய்த்த கிரீம் பிஸ்கட்டுதான் பகலெல்லாம் அவன் ஆகாரம். வலிக்காமல் இறங்கியது அது ஒன்றுதான்.

ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்க் கடைவாயில் இரண்டு பக்கமும் பல்லின் நடுவே பள்ளம். ஒரு பள்ளத்துக்குள் பழைய சோற்றுப் பருக்கை அடைத்துக்கொண்டிருந்தது. அதை ஒட்டிய ஈறில் மிளகு அளவுக்குச் சீழ்க்கொப்புளம். ராத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுவானா என்று கேட்டேன். "ஆமா, கிராம்புத் தைலம் வெப்பேன், செத்த நேரத்துல தூங்கிடுவான்" என்றார் பாட்டி. அவனை அடக்காரன் என்று வீடே முடிவுகட்டி வைத்திருந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பல் எப்படி வலிக்கிறது என்று எடுத்துச் சொல்லத் தெரியாது. சாப்பாடு என்றாலே வலிக்கும் என்றுதான் நினைத்துக்கொள்ளும். அரசு மருத்துவமனையில் ஒரு பல்லைப் பிடுங்கி, மற்றதை அடைத்து அனுப்பினார்கள். காசு எதுவும் வாங்கவில்லை. கொஞ்ச நாளில் அவனே சுண்டல் கேட்டு வாங்க ஆரம்பித்தான். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துமாவைக் கூட்டிக் கொடுப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று இப்போது ஒவ்வொரு தாயிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பால்பல் மொத்தம் 20. ஆறாம் மாதத்தை ஒட்டி முளைக்க ஆரம்பித்து, மூன்று வயதுக்குள் முழு வரிசையும் வந்துவிடும். ஆறு வயதில் விழத் தொடங்குபவை முன்பற்கள்தான். மெல்லுகிற கடைவாய்ப் பால்பற்கள் விழுவது 9 வயதுக்கும் 12 வயதுக்கும் நடுவேதான், அதுவரை வாயில் இருக்க வேண்டியவை. மூன்று வயதில் சொத்தையான கடைவாய்ப்பல்லை "அதுவா விழுந்துடும்" என்று விட்டால், பிள்ளை ஐந்தாம் வகுப்பை எட்டும் வரை அதோடுதான் காலம் தள்ள வேண்டும். பால்பல்லின் எனாமல் என்ற மேலோடு மெல்லியது, உள்ளே நரம்பு இருக்கும் அறையோ பெரியது. அதனால் பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் ஊரும் சொத்தை, குழந்தைக்குச் சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும். சீழ் வேர் வரை இறங்கினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லையும் கெடுக்கலாம். அந்தப் பல் முளைக்கும்போதே கறையும் குழியுமாக வரும். கடைவாய்ப் பால்பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் வந்து சாயும். பின்னால் வருகிற பல் இடமில்லாமல் கோணலாக ஏறும். பிறகு வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கம்பி போடப் பணம் தேடுவார்கள்.

தாய்மார்கள் பலருக்கும் தெரியாத இன்னொன்று இருக்கிறது. ஆறு வயது வாக்கில் கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். மேலும் கீழும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான்கு. விழுந்து முளைக்காததால் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய நிலைப்பல். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் அதை ஓட்டையாக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

எங்கள் பக்கத்துக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். வேறு வழியே இல்லாவிட்டாலும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. இங்கே பல ஊர்களில் அதைத் தாண்டியது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ், அதாவது ஃப்ளூரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருப்பது இதனால்தான். 2013-ல் அந்தத் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. பெரியவர்கள் பல்லில் காவிக் கறையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால், பிள்ளையின் பல்லில் எந்தக் கறுப்பைக் கண்டாலும் "நம்ம ஊருத் தண்ணி அப்பிடி" என்று முடித்துவிடுகிறார்கள். தண்ணீரால் வரும் கறை பெரும்பாலும் நிலைப்பல்லில் வருவது, எனாமல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரின் விளைவு. பால்பல்லில் குறைவு. அந்தக் கறை வாயின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். சொத்தை அப்படி இல்லை. ஓர் இடத்தில் மிருதுவாகி, குழிந்து, அரித்துக்கொண்டே போகும். மேல் முன்பற்கள் நான்கும் கரைந்து கீழ் முன்பற்கள் மட்டும் நன்றாக இருந்தால், பெரும்பாலும் அது தூங்கும்போது வாயில் வைத்த பால் பாட்டில் செய்த வேலை. கீழ்ப்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடுகின்றன. மேல்பல்லுக்கு ஒரு தண்ணீர், கீழ்ப்பல்லுக்கு ஒரு தண்ணீர் என்று நாம் கொடுப்பதில்லையே.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. மாதம் ஒருமுறை பிள்ளையை மடியில் சாய்த்து மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தாலே போதும். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவினாற்போல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம். அந்த நிலையில் கவனித்தால் மீட்டுவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு டாக்டர் கையில்தான் இருக்கிறது. சர்க்கரை போட்ட பால் பாட்டிலோடு தூங்கவிடக் கூடாது, தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். ஏழெட்டு வயது வரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும், காலையைவிட ராத்திரி முக்கியம். செங்கல் பொடியும் அடுப்புச் சாம்பலும் வேண்டவே வேண்டாம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு என்பது பொதுவான கணக்கு. பல பேஸ்டுகளிலும் ஃப்ளூரைடு இருப்பதால், எங்களைப் போல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர்க்காரர்கள் எந்தப் பேஸ்ட் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரும்புச்சத்து சிரப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல் கறுக்கிறது என்று பயந்து நர்சம்மா கொடுத்த சிரப்பை அலமாரியிலேயே வைத்துவிடும் வீடுகள் நிறைய. அது பல்லின் மேல் படியும் கறை, சொத்தை அல்ல. ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு அதை நிறுத்துவது பெரிய தீங்கு. கொடுத்தபின் தண்ணீர் குடிக்க வையுங்கள், போதும். சந்தையில் பல்லுப்பூச்சி எடுக்கிறேன் என்று உட்காருகிறவர்களிடம் பிள்ளையைக் காட்டாதீர்கள். பல்லுக்குள் பூச்சி கிடையாது. இனிப்பைத் தின்று அமிலம் விடுகிற கிருமிகள்தான் பல்லை அரிக்கின்றன.

பெற்றோரை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. அவர்கள் பார்க்க வேண்டிய குறைபாடுகளில் பல் சொத்தையும் உண்டு. பார்த்து, எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டு பாட்டியின் சுருக்குப்பையில் மடங்கிக் கிடக்கிறது. வைத்தியம் இலவசம்தான், ஆனால் ஒருநாள் கூலி போகிறது, பஸ் மாறி மாறிப் போக வேண்டியிருக்கிறது. ஒருமுறை போனால் முடிகிற வேலையும் இல்லை. முடிவெடுக்க வேண்டிய அப்பா அம்மா வெளியூரில். பல்லைப் பிடுங்குவதற்கு அவர்களைக் கேட்காமல் சம்மதிக்கப் பாட்டிக்குத் துணிவு வராது. வலி பொறுக்க முடியாத அன்று மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அதற்குள் அடைக்க வேண்டிய பல் பிடுங்க வேண்டிய பல்லாகிவிடுகிறது.

2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகம் முழுக்க 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பல் சொத்தை இருக்கிறது. துளை போடாமல், ஊசி போடாமல் சொத்தைமேல் தடவி அதை அங்கேயே நிறுத்துகிற சில்வர் டயமின் ஃப்ளூரைடு என்ற மருந்தை, அதே நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தடவிய இடம் கறுத்துப்போகும். விழப்போகிற பல் கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும், பிள்ளை வலியில்லாமல் சாப்பிடட்டும். இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்தால் சீட்டோடு அலைய வேண்டியதில்லை.

மாவட்ட நிர்வாகத்திடமும் சுகாதாரத் துறையிடமும் உங்கள் நாளிதழ் மூலமாக நான் வைக்கும் கோரிக்கை இதுதான். மாதாமாதம் எடை போடும் நாளில் வாயையும் பார்த்துக் குறித்துக்கொள்ள எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பல் மருத்துவ முகாமை ஏதோ ஒரு புதன்கிழமையில் வைக்காமல், பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்புகிற பொங்கல் வாரத்திலும் மாரியம்மன் திருவிழா சமயத்திலும் வையுங்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே இடத்தில் இருக்கும் நாட்கள் அவைதான். டாக்டர் சொல்வதை நேரில் கேட்டு அங்கேயே சம்மதம் சொல்லிவிடுவார்கள். வரும் பொங்கலுக்கு எங்கள் ஒன்றியத்திலிருந்தே தொடங்கலாம். எந்தெந்தப் பிள்ளைக்குப் பார்க்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியலை மையத்துப் பணியாளர்கள் நாங்கள் மார்கழிக்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
தருமபுரி மாவட்டம்.