பையைத் திறக்கச் சொல்லும் முன் காரணத்தைச் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் இரவு ரோந்து செல்லும் காவல் அதிகாரிகளுக்கும் அவர்களை அனுப்பும் மேலதிகாரிகளுக்கும்,

வணக்கம். எங்கள் தெருக்களுக்கு நீங்கள் வர வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வரத்தான் வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் புகுந்து பிள்ளைகளைச் சீரழித்தபோது, போலீஸ் வரவில்லையே என்று தாய்மார்கள் அழுததை நான் மறக்கவில்லை. இன்றும் ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி போட்டுத்தான் தூங்குகிறோம். ஆனால் வந்து எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பேசியாக வேண்டும்.

என் அக்கா மகனுக்கு 19 வயது. வேலை முடிந்து, டாக்சியை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தவன் பக்கத்தில் போலீஸ் வேன் வந்து நின்றது. பையைத் திற என்றார்கள், திறந்தான். சாப்பாட்டு டப்பாவும் ஸ்வெட்டரும் இருந்தன. சட்டைப்பையில் கோயில் திருநீறு மடித்த காகிதம். அதைப் பிரித்து டார்ச் அடித்தார்கள், முகர்ந்தார்கள், பானட்டின் மேல் கொட்டினார்கள். அப்புறம் போனைத் திறந்து காட்டச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, ரொம்பப் பேசினால் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று பதில் வந்தது. கடைசியில் போ என்று விட்டுவிட்டார்கள். என்ன சந்தேகத்தில் நிறுத்தினார்கள் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அவனேதான் திறந்து காட்டினான் என்பீர்கள். 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 22-ஆம் பிரிவில், சம்மதம் இருந்தால் வாரண்ட் இல்லாமல் சோதிக்க இடம் தருகிறது. சம்மதம் இல்லையென்றால், கேட்டால் வாரண்ட் கிடைக்கும், ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். இடுப்பில் துப்பாக்கியோடு மூன்று பேர் சூழ்ந்து நிற்கும்போது ஒரு பையன் பையைத் திறப்பதை நான் சம்மதம் என்று ஏற்க மாட்டேன். மறுக்கலாம் என்று தெரிந்தவன் சரி என்றால்தான் அது சம்மதம்.

பெயரும் விலாசமும் கேளுங்கள். சந்தேகம் நியாயமானதாக இருந்தால் 41-ஆம் பிரிவின்படி சொல்லித்தான் ஆக வேண்டும், மறைக்காதே என்று நாங்களே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம் என்கிறது 29-ஆம் பிரிவு. சாலைத் தடுப்புக்கு 1995-ஆம் ஆண்டுக் காவல் துறைச் சட்டப்படி ஆணையரின் எழுத்து அனுமதி தேவை, சோதிக்கப்பட்டவர் கேட்டால் நகலைக் காட்ட வேண்டும். அவசரத்துக்கு விதிவிலக்கு உண்டு, சரி. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் அவசரமாக இருக்க முடியாது.

இந்தக் காவல் துறைச் சட்டத்தின் ஒரு பகுதியைக் காட்டித்தான் ஜோகன்னஸ்பர்க் நகர் மையத்தில் ஏழைகள் குடியிருந்த கட்டடங்களுக்குள் வாரண்ட் இல்லாமல் புகுந்து சோதித்தார்கள். தனியார் வீடுகளை அப்படிச் சோதிக்க விட்ட அளவுக்கு அந்தப் பகுதி செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. வீட்டுக்கு மட்டுமா மதிப்பு? அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவு வீட்டோடு சேர்த்து ஆளையும் உடைமையையும் சொல்கிறது.

எங்களுக்கு இது பழைய காயம். ஜோகன்னஸ்பர்க் இருந்த அன்றைய டிரான்ஸ்வாலில் 1907-ஆம் ஆண்டுச் சட்டப்படி, போலீஸ் கேட்ட இடத்தில் ஆசியர்கள் பதிவுச் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தது. 1908 ஆகஸ்டில் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள். காந்தியோடு நின்று போராடிய தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறை போனார். அதே போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை அங்கே நோயுற்று, 1914 பிப்ரவரியில் இறந்தபோது பதின்ம வயதுப் பெண்.

நாங்கள் கேட்பது புதிய சட்டமல்ல. நிறுத்தியவுடன் உங்கள் பெயரையும் சந்தேகத்தின் காரணத்தையும் சொல்லுங்கள். சம்மதம் கேட்டால், மறுக்க உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றும் கிடைக்காத சோதனையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். இவற்றை எழுத்து உத்தரவாகப் பிறப்பித்து, அதன் நகலை, போலீசும் மக்களும் கூடிப் பேசும் சமூகக் காவல் மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு மேலதிகாரி ஒருவர் நேரில் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரோந்து எல்லைக்குள் வாழும் ஒரு தமிழர்