அலுவலக வாசலில் நிற்க அனுமதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் ஊர்வலமும் தர்ணாவும் ஃப்ரீடம் பார்க் என்ற பூங்காவைத் தவிர வேறெங்கும் நடக்கவே கூடாது என்று வலியுறுத்தி வாசகர் ஒருவர் தங்கள் இதழில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். நெரிசலில் ஆம்புலன்ஸ் சிக்கிக்கொள்வதைப் பற்றிய அவருடைய கவலை நியாயமானது. ஆனால், போராட்டங்களை அந்த ஓரிடத்துக்குள் அடக்கிய 2021-ஆம் ஆண்டின் ஆணையும், அதன்படி நடக்க வேண்டும் என்று 2022-இல் உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவும் நடைமுறையில் யாருடைய குரலைத் தடுக்கின்றன என்பதைப் பொம்மனஹள்ளியில் முப்பது ஆண்டுகளாக வசிப்பவள் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

2016 ஏப்ரல் 18 அன்று எங்கள் பகுதி கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து ஓசூர் சாலையை மறித்தார்கள். தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பிழைக்க வந்து என் தெருவில் குடியிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வேலையை விட்டவர் பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பணத்தில் தம் பங்கை மட்டுமே எடுக்கலாம், முதலாளி செலுத்திய பங்கு 58 வயதுக்குப் பிறகுதான் கிடைக்கும் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. நாற்பது வயதுக்குள் கண்ணும் முதுகும் தேய்ந்து தையல் மெஷினை விட்டு எழுந்துவிடுகிற பெண்ணுக்கு, மகளின் கல்யாணத்துக்கோ வீட்டு லீசுக்கோ கைகொடுக்கிற பணம் அது ஒன்றுதான். பெரிய தொழிற்சங்கம் எதுவும் அழைத்து அவர்கள் வரவில்லை. மறுநாள் தடியடி நடந்தது. சில இடங்களில் பேருந்துகளும் எரிக்கப்பட்டன. அந்தத் தீவைப்பை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் அன்றைக்கே மத்திய அரசு அந்த அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது என்பதும், அதனால் பெங்களூரைப் பார்த்தே இராத கோடிக்கணக்கான தொழிலாளர்களின் சேமிப்பும் காப்பாற்றப்பட்டது என்பதும் உண்மை. இன்றைய கட்டுப்பாடு அன்று இருந்திருந்தால், அதே பெண்கள் முன்கூட்டி விண்ணப்பித்து, அனுமதி கிடைத்த நாளில் கூலியை இழந்து, பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஒரு மதில் சூழ்ந்த பூங்காவில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பூங்கா ஒரு காலத்தில் மத்தியச் சிறைச்சாலையாக இருந்தது. நெருக்கடி நிலையின்போது வாஜ்பாயியும் அத்வானியும் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். அதன்மீது எனக்கு மதிப்பு உண்டு. மாநிலம் தழுவிய கோரிக்கைகளுக்கு அது ஏற்ற இடமும்கூட. ஆனால் வார்டு அளவிலான ஒரு குறையை அங்கே போய்ச் சொன்னால், அதற்குப் பொறுப்பான அதிகாரியின் காதில் அது விழுவதில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. பொது வீதிகளில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்கக் கூடாது என்று 1972-இல் ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்திருக்கிறது. தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்கு விதிக்கப்பட்ட முழுத் தடையையும் 2018-இல் அதே நீதிமன்றம்தான் நீக்கியது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவின் சாக்கடை நீர் மூன்று முறை வீடுகளுக்குள் புகுந்தது. மனுக்களுக்குப் பதில் வராததால், நாங்கள் நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள், அருகிலுள்ள மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் வாசலில் ஒரு மணி நேரம் நிற்க அனுமதி கேட்டோம். ஃப்ரீடம் பார்க்குக்குப் போகச் சொன்னார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படிப் போவார்கள்? ஒருவரும் போகவில்லை.

ஒவ்வொரு மண்டல அலுவலகத்தின் முன்பும், போக்குவரத்துக்கு இடையூறின்றி, குறித்த நேரத்துக்குக் குறித்த எண்ணிக்கையினர் அமைதியாக நிற்பதற்கு அரசு இடம் ஒதுக்க வேண்டும். தடுப்புக் கட்டைகளும் இரண்டு காவலர்களும் அதற்குப் போதும். அடுத்த வாரம் நாங்கள் மீண்டும் விண்ணப்பிக்கிறோம். இம்முறையும் அந்த அலுவலக வாசலையே கேட்கப் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பொம்மனஹள்ளி, பெங்களூரு