புரட்டாசிக்கு முன் படகின் அடியை ஒரு தடவை பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி பிறந்தால் நம்மில் பலர் மீனைத் தொடுவதில்லை. தூண்டிலும் மூலைக்குப் போய்விடும். மிட்மார் அணையிலோ இனாண்டா அணையிலோ கட்டிப்போட்ட படகுதான் பாவம். இங்கே தென்னாப்பிரிக்காவில் அது வசந்தகாலம், தண்ணீர் சூடேறும் நேரம். ஒரு மாதம் அசையாமல் கிடந்தால் அடியெல்லாம் பாசி.

உடனே எல்லோரும் கேட்பது, டர்பன் துறைமுகப் படகுகளுக்கு அடிக்கும் செம்புப் பெயிண்டை. அணைக்கட்டில் மட்டும் ஓடும் படகுக்கு அது வேண்டாம் என்று, விற்கிற நாங்களே சொல்கிறோம். அந்தப் பெயிண்டின் முக்கிய எதிரி, படகின் அடியில் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு. அது கடல் பிராணி, நன்னீரில் பிழைக்காது. அணையில் படிவது வழுவழுப்பான படலமும் பச்சைப் பாசியும்தான். தவிர, இந்த அணைகளின் தண்ணீர்தான் சுத்திகரித்து நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. அதில் செம்பைக் கரைப்பானேன்?

சென்ற வருடம் ஒருவர் எங்களிடம் வாங்கிய டின்னை அலுமினியப் படகுக்கு அடித்துவிட்டார். என்ன படகு என்று கேட்காமல் கொடுத்தது எங்கள் தப்பு. சில மாதத்தில் ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் தட்டினால், கீழே கடுகளவு குழிகள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.

சரி, என்ன செய்யலாம்? டிரெய்லர் இருந்தால் கரையேற்றிவிடுங்கள், அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஏற்றிய கையோடு துடையுங்கள். ஈரத்தில் துணிக்கே வந்துவிடும் படலம், வெயிலில் காய்ந்தால் பசையாக ஒட்டிக்கொள்ளும். தண்ணீரிலேயே கிடக்க வேண்டிய ஃபைபர் படகுக்கு எபாக்ஸி பூச்சு அடிக்கலாம். பாசி வரத்தான் செய்யும், ஆனால் தேய்த்தால் சுலபமாக விடும். ஃபைபருக்குள் நீர் ஊறிக் கொப்புளம் கிளம்புவதும் குறையும். ஆனோடு, அதாவது படகின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி, கடலுக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம். மக்னீசியத்தோடு கடலுக்குப் போனால் மளமளவென்று கரைந்துவிடும்.

அப்புறம், டிரெய்லரில் சுற்றிய நீர்க்கொடியை அங்கேயே பிய்த்து, தண்ணீரை விட்டுத் தள்ளிக் கரையில் போட்டுவிட்டு வாருங்கள். 2006-இல் ஜோசினி அணையில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி கண்டுபிடிக்கப்பட்டது. நம் தாத்தா பாட்டி ஊர்க் குளங்களில் சாதாரணமாகக் கிடக்கிற செடிதான், இங்கே தொல்லை. அடுத்த அணையில் முளைக்க ஒரு துண்டு போதும்.

ஆனோடு மாற்றுகிறவர்கள் பழையதைக் கழற்றிக் கொண்டு வாருங்கள், அளவு பார்த்துத் தருகிறோம். சனிக்கிழமை மதியம் வரை கடை உண்டு.

அன்புடன்,
உங்கள் படகுச் சாமான் கடை, டர்பன்