வெள்ளரிக்காய் வந்துடுச்சு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் வாசகர் கடிதப் பகுதிக்கு நான் புதியவன் இல்லை. இதுவரை எழுதியது எல்லாம் புகார்தான்: தண்ணீர் வரவில்லை, பேருந்து வரவில்லை, கால்வாய் நாறுகிறது, மண்டப வாடகை ஏறிவிட்டது. நீங்கள் போடாத கடிதங்களுக்காக உங்களையும் வீட்டில் திட்டியிருக்கிறேன், மன்னிக்கவும். இந்தத் தடவை என்மேலேயே ஒரு புகார்.

பிறந்தது மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் (எஸ்டேட்டில்). 2007-இல் ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள், அதற்கும் கொஞ்ச நாள் முனகினேன். தோட்டத்தை விட்டு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் காலையில் கோப்பி குடிக்கும்போதே ஆரம்பித்துவிடுவேன், சுவரில் வெடிப்பு, பக்கத்து வீட்டுக் கார் நம் வாசலில் நிற்கிறது, காற்றே இல்லை, தோட்டத்தில் என்றால் ஆற்று மீன் என்ன, காசு கொடுக்காமல் பறித்த கீரை என்ன என்று.

ஒரு வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் எண்ணாகமம் 11 வந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் அழுகிறார்கள்: எகிப்தில் சும்மா கிடைத்த மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், பூண்டு, இங்கே வானத்திலிருந்து விழும் மன்னாவைத் தவிர ஒன்றுமில்லையே என்று. அங்கே செங்கல் அறுத்த அடிமைகள் ஐயா அவர்கள்! அடி வாங்கியது மறந்துபோச்சு, பூண்டு மட்டும் ஞாபகம் இருக்கிறது. மீன், கீரை என்று வாசித்தபோதே என் மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். வீட்டுக்கு வந்ததும், "நாலு வீட்டுக்கு ஒரே குழாய், ராத்திரியில கக்கூஸுக்குப் போக டார்ச் லைட்டு, உங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு ஓடுனாங்க, அதெல்லாம் எங்கங்க போச்சு?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் "வெள்ளரிக்காய் வந்துடுச்சு" என்பாள். இப்போது பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

ஆனால் கிண்டலால் மட்டும் பழக்கம் போகாது. 142-ஆம் சங்கீதத்தில் தாவீது குகைக்குள் இருந்துகொண்டு தன் சஞ்சலத்தையெல்லாம் கர்த்தருக்கு முன்னால் கொட்டுகிறார். சரி, நாமும் முதலில் அங்கே சொல்லிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். முழங்காலில் நின்று "ஆண்டவரே, சாம்பாரில் உப்பு கம்மி" என்று சொல்லிப் பாருங்கள், வாய் வராது. பாதிக்கு மேல் அங்கேயே உதிர்ந்துவிடும். மீதி உண்மையான வலி, அதைச் சொல்லி அழலாம். இன்னும் தவறுகிறேன், போன கிறிஸ்துமஸ் விருந்தில் பிரியாணி பற்றி நான் பேசியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பவுல் சிறையில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதும்போது, எந்த நிலைமையிலும் மனரம்மியமாய் இருக்கக் 'கற்றுக்கொண்டேன்' என்றுதான் எழுதுகிறார். அவருக்கே படிக்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

எங்கள் சபையில் ஒரு தம்பி கேட்டார், "ஐயா, எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நம்ம ஜனம் இன்னும் தோட்டத்து லயத்து வீட்டுலதானே இருக்கும்?" நியாயமான கேள்வி. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளியாக (ரிங்கிட்) வந்தது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. தோட்டத்து ஆட்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்று தொழிற்சங்கம் வருஷக் கணக்கில் கேட்டதை நான் பார்த்தவன், அதை முறுமுறுப்பு என்று சொல்ல மாட்டேன். அறுத்தவனுடைய கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். வேதத்தில் திட்டு வாங்கியவர்கள் கூடாரத்துக்குள் உட்கார்ந்து முறுமுறுத்தவர்கள் (உபாகமம் 1:27). செலோப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேக்கு முன்னால் வந்து நின்று எங்களுக்கும் நிலம் கொடுங்கள் என்று கேட்டார்கள், அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொன்னார். நான் இத்தனை வருஷமும் கூடாரத்துக்குள்தான் இருந்திருக்கிறேன்.

எங்கள் தெரு விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை. பழைய ஆளாக இருந்தால் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டியிருப்பேன். இந்த முறை ஜெபித்துவிட்டு, படம் எடுத்து, மனு எழுதி, நேரில் போய்க் கொடுத்தேன். இன்னும் எரியவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறேன், மனைவியும் கூட வருகிறாள்.

இப்படிக்கு,
பழைய புகார்க்காரன்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்